முதல் வரிசை வீடு

"மீன்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது. புரிஞ்சுதா ஹாஜி?"

சொந்த ஊரான நபரூவிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். வழி நெடுக இன்ஸாஃப் கணவரிடம் இதையே ஓதிக்கொண்டு வந்தாள்.

"என்ன வியாபாரம்னு கேட்டா?" என்றார் தெஸூகி, காரை ஓட்டியபடியே.

"கடல்சார் உணவு ஏற்றுமதி."

"எந்த நாட்டுக்குன்னு கேட்டா?"

"சிரிங்க. பெரிய மனுஷங்க பதில் சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க."

ஸஃபீரா என்ற பணக்காரக் கடற்கரைக் குடியிருப்பில் முதல் வரிசை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. வாசலைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். ஆனால் காசை நீட்டினால் மட்டும் அங்கே வீடு கிடைத்துவிடாது. குடியிருப்பவர்களின் குழு பேட்டி கண்டு, நம்ம தரம்தான் என்று தலையாட்ட வேண்டும். சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட அவ்வளவு குடைய மாட்டார்கள்.

இன்ஸாஃபுக்கு அந்த வீடு வேண்டும். இருபத்தெட்டு வருடமாகத் தலையணையில், திரைச்சீலையில், பெட்டியில் மடித்து வைத்த கல்யாண உடுப்பில்கூட உப்பு மீன் வாசனை. 'ஒரு நாள் உன்னைக் கடல் காத்துல குடி வைக்கிறேன்' என்று கல்யாணமான புதிதில் தெஸூகி வாக்குக் கொடுத்திருந்தார்.

பேட்டி அறையில் குழுவின் தலைவி ஷாஹினாஸ் மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், ஓய்வு பெற்ற தூதர் ஷவ்கத் பே.

"நீச்சல் குளத்துக்கு உங்க விருந்தாளிங்க என்ன உடுத்திட்டு வருவாங்க?" என்றார் மேடம்.

"எங்களுக்கு விருந்தாளிங்களே வர மாட்டாங்க மேடம்," என்றாள் இன்ஸாஃப். ஊரில் அவளுடைய ஆறு நாத்தனார்களும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைங்க படிச்சதெல்லாம்?"

"பிரெஞ்சு படிச்சாங்க."

அந்தப் பாடத்தில் மூன்று பேரும் தேறவில்லை; அதை யாரும் கேட்கவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"உங்க தொழில், ஹாஜி?" என்றார் தூதர்.

"கடல்சார் உணவு ஏற்றுமதிங்க."

"ஓ, சால்மனா? கேவியரா?" மேடம் முன்னால் சாய்ந்தார்.

தெஸூகி சிரித்தார். மேடம் காத்திருந்தார். இவர் மறுபடி சிரித்தார். மேடம் அப்போதும் காத்திருந்தார். மூன்றாவது தடவை சிரிக்க இவரால் முடியவில்லை.

"ஃபெசீக் மேடம். நபரூவுல மூணு தலைமுறையா."

ஃபெசீக் என்றால் மாதக்கணக்கில் உப்பில் ஊறிய மடவை மீன். வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் தெருமுனையில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார்.

மேடத்தின் கைக்குட்டை மூக்குக்குப் போனது. "அந்த அழுகின மீனா? இந்தக் காலத்துல அதையெல்லாம் யார் தின்னுறா?"

"தின்னுறவங்க இருக்காங்க மேடம்," என்றார் தெஸூகி தலையைக் குனிந்துகொண்டு.

"எங்க வீட்டுல அந்தப் பேரைச் சொன்னாலே இவருக்குத் தலை சுத்தும்," என்று மேடம் கணவரைக் காட்டினார்.

"குமட்டிக்கிட்டு வரும்," என்று திருத்தினார் தூதர். "பதினஞ்சு வருஷமா இந்த வாசலைத் தாண்டி அதோட வால்கூட உள்ள வந்ததில்லை."

"இருக்கலாம் ஐயா. மன்னிச்சுக்கங்க."

இன்ஸாஃப் மேசைக்கடியில் அவர் தொடையைக் கிள்ளினாள். மனிதர் அசையவில்லை.

"வேற இடம் பாருங்க ஹாஜி. உங்களுக்கும் அதுதான் சௌகரியம்," என்று மேடம் எழுந்துவிட்டார்.

கார் கிளம்பியதுதான் தாமதம், இன்ஸாஃப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு தலைமுறைக்குச் சோறு போட்ட மீனை அழுகல்ங்கிறா. நீங்க 'இருக்கலாம்'னு மன்னிப்புக் கேக்குறீங்க. சந்தையில கால் கிலோவுக்கு ஊரைக் கூட்டுற வாய் இன்னைக்கு எங்க போச்சு?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வீடு கைநழுவியதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். தன் புருஷன் அவர்கள் முன்னால் தலை குனிந்ததுதான் தாங்கவில்லை.

வெளிவாசலில் காவலாளி தடுப்புக் கம்பியைத் தூக்கினான். எதிரே பூக்கடை வேன் ஒன்று உள்ளே நுழைந்தது. இவர்கள் காரைப் பார்த்ததும் சட்டென்று நின்றது. இறங்கி ஓடி வந்தவன் பயூமி. இவர்கள் கடையில் பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறவன்.

"முதலாளி, நீங்களா?" ஜன்னலோரம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "இங்க மட்டும் பண்டிகை ஆர்டர் மொத்தம் தொண்ணூறு பெட்டி. மேல ரோஜா, கீழ ஃபெசீக். தலைவி மேடத்துக்கு வழக்கம்போல மூணு கிலோதானே?"

"மூணுதான். போ, போ."

இன்ஸாஃபின் அழுகை பாதியில் நின்றது. வேனையே வெறித்துப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"கடை என்னுதுதானே?"

"அடப் பாவி மனுஷா. உள்ள ஒரே ஒரு வார்த்தை விட்டிருந்தா, வாயை மூடிக்கிட்டு வீட்டுச் சாவியைக் கையில குடுத்திருப்பாளே."

"குடுத்திருப்பாங்க," என்றார் தெஸூகி. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொன்னார்: "அந்த அம்மாவுக்குப் போறது சமையக்கட்டு வழியா. தூதருக்குப் போறது கார் ஷெட்டு வழியா. ஒருத்தர் சமாச்சாரம் இன்னொருத்தருக்குத் தெரியாது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை மூட்டிவிட்டுட்டு, அவங்களுக்குப் பக்கத்து வீட்டுல நாம எப்படிம்மா நிம்மதியாத் தூங்குறது?"