கதவுல கை வைக்காதே!

“கதவுல கை வைக்காதே!”

கார் நின்றதும் நிற்காததுமாக மாமனார் போட்ட சத்தத்தில், பின்சீட்டில் இருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மருமகள் என்று இன்னும் ஆகவில்லை. அடுத்த மாதம்தான் கல்யாணம். துணி எடுக்க வந்திருக்கிறார்கள்.

முன்சீட்டில் மாமியார் கையை மடியில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

மாமனார் இறங்கினார். பின்னால் வந்த சைக்கிளையும், அதை ஒட்டி வந்த மோட்டார் சைக்கிளையும் போகவிட்டார். அப்புறம் சுற்றி வந்து மாமியார் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“ம், இப்போ இறங்கு.”

காலையிலிருந்து ஏறி இறங்கிய கடை வாசலில் எல்லாம் இதே அதட்டல்தான். ஒரு கதவைத் திறக்கக்கூட உரிமை இல்லாத வீட்டிலா போய்க் குப்பை கொட்டுவது? இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டியதுதான்.

மாமனார் காரை நிறுத்த இடம் தேடிப் போனதும், கடைக்குள் மாமியாரிடமே கேட்டுவிட்டாள்.

“தப்பா நினைக்காதீங்க அத்தை. மாமா இப்படி நாலு பேர் முன்னாடி கத்துறாரே, எப்படிப் பொறுத்துக்கிறீங்க? உங்க பையனும் நாளைக்கு இப்படித்தானா?”

மாமியார் சிரித்தாள்.

“நான் அப்போ டைப்ரைட்டிங் வகுப்புக்கு சைக்கிள்ல போவேன். புது சைக்கிள். மணி அடிக்கிறதுக்குன்னே தெருவைச் சுத்துவேன். இப்ப மாதிரியா? ரோடே நம்மளோடது! ஒரு நாள், ஓரமா நின்ன காரோட கதவு படார்னு திறந்துச்சு. நான் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம்.”

“ஐயோ! எந்தப் பாவி திறந்தான்?”

“உங்க மாமாதான்.”

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் இடது கையை நீட்டிக் காட்டினாள். முழங்கை முழுசாக நிமிரவில்லை.

“கட்டுப் பிரிக்கிற வரைக்கும் தினமும் எங்க வீட்டு வாசல்ல வந்து மரம் மாதிரி நிப்பார். ஒரு வார்த்தை வராது. ‘இந்தப் பையன் உன் கையைப் பாக்க வர்றானா, உன்னைப் பாக்க வர்றானா’ன்னு எங்கம்மாவே கேட்டாங்க. ஹூம், அதெல்லாம் ஒரு காலம்.”

மருமகளுக்கு இன்னும் ஆறவில்லை. “தப்பு பண்ணினது அவர். தண்டனை மட்டும் உங்களுக்கா அத்தை?”

“தண்டனையா? அட போம்மா! நம்ம கதவுல வேற யாரும் வந்து விழுந்துடக் கூடாதேன்னு பயம், அதான் கத்துறார். அன்னைக்கு மன்னிப்புக் கேக்க அவருக்கு வாய் வரலை. இன்னைக்கு வரைக்கும் ஓடி ஓடி வந்து கதவைத் திறந்து கேட்டுக்கிட்டிருக்கார்.”

வாசலில் மாமனார் தலை தெரிந்தது. மாமியார் குரலைத் தாழ்த்தினாள்.

“நான்தான் ‘மன்னிச்சுட்டேன்’னு இன்னும் வாய்விட்டுச் சொல்லலை. சொல்லிட்டா அப்புறம் யாரும்மா எனக்குக் கதவு திறந்துவிடுவா?”