அடுப்படிப் பக்கம் வராதை!

“அடுப்படிப் பக்கம் வந்தாயெண்டால் தெரியும்! போய் விறாந்தையிலை இரு!”

நல்லம்மா போட்ட சத்தத்தில் அடுத்த வளவுக் கோழிகூட வாயை மூடிக்கொண்டது. கையில் வெங்காயத்தோடு நின்ற புது மருமகள் குணலட்சுமி, அதை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள்.

புத்தூரிலிருந்து கொடிகாமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் இதே கூத்துத்தான். வெங்காயம் உரிக்கக் கூடாது. அடுப்பு ஊதக் கூடாது. முற்றம் கூட்ட விளக்குமாற்றைத் தொடக் கூடாது. பொழுதுபட்டால், “சாப்பிட்டாச்சுத்தானே, போய்ப் படு!” என்று அறைக்குள் துரத்தல் வேறு.

புருசன் இராசநாயகத்திடம் முறையிட்டால், “அம்மா சொன்னால் கேளுமன்” என்று பேப்பருக்குள் முகத்தைப் புதைப்பான்.

பக்கத்து வளவுச் செல்வரட்ணத்தின் பெண்சாதிக்கு வயிறெரிந்தது. “சட்டி பானையைத் தொட விடாத மாமியாரை நான் இப்பத்தான் பாக்கிறன் பிள்ளை. இராட்சசி! கொம்மாவுக்குச் சொல்லி அனுப்பு” என்றாள் வேலிக்கு மேலால்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அம்மா சண்டைக்கு வந்தால் மறைத்து வைத்த கதை ஒன்று வெளியே வந்துவிடுமோ என்று குணலட்சுமிக்குப் பயம்.

தூரத்தில் நிற்பது மாடா மனிசரா என்று தெரியாத கண் அவளுக்கு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், தாய் செல்வநாயகி அவளுடைய கண்ணாடியைப் பெட்டிக்கடியில் ஒளித்துவிட்டாள். கொழும்புக்கு ரயில் ஓடும் நாள் எது, ஓடாத நாள் எது என்று தெரியாத அந்தக் காலத்தில், மகளை அங்கே கொண்டுபோய், கண்ணுக்குள்ளேயே வைக்கும் கொன்ராக்ற் லென்ஸ் வாங்கிப் போடுவித்தாள்.

“சோடாப்போத்தல் கண்ணாடியோடை உன்னை ஆர் கட்டுவினம்? இந்தக் கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியப்படாது. கொப்பரும் வாய் திறக்கப்படாது!”

தகப்பன் மார்க்கண்டு தலையாட்டினார். அந்த வீட்டில் அவருக்கிருந்த முக்கிய வேலை அதுதான்.

கண் டொக்டர் சொன்னதெல்லாம் குணலட்சுமிக்குப் பாடம். சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் லென்சைத் தொடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் அலசக் கூடாது, போத்தல் மருந்தில்தான் ஊற வைக்க வேண்டும். போட்டபடி நித்திரை கொள்ளவே கூடாது. நல்ல காலம், இராசநாயகம் படுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான். அதற்குப் பிறகு இருட்டில் தடவித் தடவிக் கழற்றுவாள்.

ஒருநாள் நல்லம்மா சாவகச்சேரிச் சந்தைக்குப் போனாள். ‘நானும் வேலை தெரிஞ்சவள்தான் எண்டு இண்டைக்குக் காட்டுறன்’ என்று குணலட்சுமி அடுப்படிக்குள் நுழைந்தாள். கறித்தூளுக்குச் செத்தல் மிளகாயைக் காம்பு கிள்ளிப் போட்டு வறுத்தாள். நெடி ஏறியது. கண் கரித்தது. மறதியில் அதே விரலால் ஒரு கசக்குக் கசக்கினாள்.

“ஐயோ அம்மா!”

அந்த அலறல் பஸ்சால் இறங்கி வந்த நல்லம்மாவுக்கு வாசல் படலையிலேயே கேட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“கையை எடடி! கசக்காதை! முதல்லை சவுக்காரம் போட்டு வடிவாக் கையைக் கழுவு. பேந்து லென்சைக் கழட்டு!”

குணலட்சுமிக்கு எரிவே மறந்துபோயிற்று. “எ... என்னத்தை மாமி?”

“கண்ணுக்குள்ளை கிடக்கிறதைத்தான்! கழட்டிப்போட்டுக் கண்ணுக்குத் தண்ணி அடி. மிளகாய் பட்ட லென்சைத் திருப்பிப் போட்டாயோ, கொலை விழும்!”

“மாமிக்கு எப்பிடித் தெ...”

“கண் எரியேக்கை உனக்குக் கதை கேக்குதோ? கழுவடி!”

சாவகச்சேரி ஆசுப்பத்திரி டொக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்து கொடுத்தார். தான் சொல்லும்வரை லென்ஸ் பக்கமே போகக் கூடாது என்றார்.

ஆனால் அவர்கள் வீடு வந்து சேர முன்பே, ‘மருமகளின் கண்ணில் மிளகாய்த்தூள் தூவிய மாமியார்’ கதை கொடிகாமத்தைச் சுற்றிவிட்டுப் புத்தூருக்கும் போய்விட்டது.

அடுத்த நாள் விடியவே செல்வநாயகி வந்து இறங்கினாள். பின்னால் குடையோடு மார்க்கண்டு.

“சம்மந்தியம்மா, இஞ்சை வாரும் வெளியிலை! என்ரை பிள்ளையின்ரை கண்ணிலை மிளகாய்த்தூள் போட உமக்கு என்னெண்டு மனம் வந்தது? நீர் ஒரு பொம்பிளையோ?”

வேலி முழுக்கத் தலைகள். லென்சில்லாத குணலட்சுமிக்கு அவையெல்லாம் தேங்காய்கள் மாதிரித் தெரிந்தன. உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். நல்லம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“ஓம், பிழை என்ரைதான்” என்றாள் நல்லம்மா. “வேறை என்ன சொல்ல?”

அரைநாள் சண்டைக்கு ஆயத்தமாக வந்த செல்வநாயகிக்கு அது பெரிய ஏமாற்றம். வேலியடிக்குப் போய், செல்வரட்ணத்தின் பெண்சாதியிடம் மிச்சத்தைத் திட்டித் தீர்த்தாள்.

அந்த இடைவெளியில் மார்க்கண்டு மெல்ல நல்லம்மா நின்ற அடுப்படி வாசலுக்கு நழுவினார். பக்கத்து அறைக்குள் போய்ப் படுத்துவிட்ட குணலட்சுமிக்கு ஆள் தெரியவில்லை. அப்பாவின் குரல் மட்டும் கேட்டது.

“தங்கச்சி, என்னாலைதானே உங்களுக்கு இவ்வளவு பேச்சும்...”

“சத்தம் போடாதையுங்கோ அண்ணை” என்றாள் நல்லம்மா. “கலியாணத்துக்கு முன்னம் நீங்கள் தனிய வந்து, பிள்ளையின்ரை கண் விசயம் முழுக்கச் சொல்லி, புகை புழுதி படாமல் பாருங்கோ எண்டு அழுதது எனக்கும் என்ரை பொடியனுக்கும் மட்டும்தான் தெரியும். அது உங்கடை மனுசியின்ரை காதிலை விழுந்து உங்களுக்குச் சோறில்லாமல் போறதிலும் பாக்க, நான் இராட்சசியாவே இருந்திட்டுப் போறன்.”