இரண்டு சொட்டு

கழுத்தில் இரண்டு சொட்டு, மணிக்கட்டில் இரண்டு சொட்டு தேய்த்துவிட்டு, அவள் அந்த ரோஸ் நிறக் குப்பியை மறுபடியும் கவிழ்த்தாள். கடைக் கழிவறைக் கண்ணாடியில் தலைவாரிக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் சிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“போதும்டி, தலை சுத்துது. யாரைப் பாக்கப் போறே இப்படி?”

“யாரையும் இல்ல.”

“யாரும் இல்லாமலா குப்பியைக் காலி பண்றே? எங்கிட்டயே மறைக்கிறே பாரு.”

மறைக்கத்தான் செய்தாள். ஆனால் ஆளை அல்ல. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. பால் பொங்கிக் கருகினாலும் தெரியாது, சாக்கடையைத் தாண்டினாலும் தெரியாது. அவளுக்கு வேலையோ சென்ட் கடையில்.

இத்தனை நாளும் ஞாபகத்தை வைத்தே விற்றாள். தாள் துண்டில் அடித்து மூக்கருகே கொண்டுபோவாள், கண்ணை மூடி மூன்று எண்ணுவாள். “கடைசியில லேசா வெனிலா வருது பாருங்க” என்பாள். வாங்க வந்தவர்களும் “ஆமா, வருது வருது” என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இன்றைக்கு அந்த வித்தை செல்லாது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம், மேலாளர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு மூக்கைச் சோதித்துக்கொண்டிருந்தாள். தேறாதவள் நாளைக்கு வர வேண்டாம்.

அவளை வீட்டுக்கு அனுப்பினால் அம்மா மறுபடி வாளியைத் தூக்க வேண்டும். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தைத் துடைத்து இடுப்பு போன அம்மா, மகளுக்கு வேலை கிடைத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

ஒரு வழி இருந்தது. காலையிலேயே சோதனை முடித்து வந்த சிட்டு சொல்லியிருந்தாள்: “ஒரே ஒரு தாளுதான்டி. எனக்கு நான் போட்டிருக்கிறதையே குடுத்தாங்க. நம்ம கவுண்டர் பெரியக்காவுக்கும் அவங்க சென்ட்டேதானாம். எங்களுக்கு வந்த அதிர்ஷ்டத்தைப் பாரு.”

அதனால்தான் இந்தக் குளியல். மேடம் மோப்பம் பிடித்து இதையே கொடுத்துவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு “ஆமாம்” என்று சொல்லிவிடலாம்.

குப்பி அம்மாவுடையது. தெருமுனை ஃபேன்ஸி கடையில் கிடைக்கிற மலிவுச் சரக்கு, மிட்டாயைக் கரைத்த மாதிரி ஒரு இனிப்பு. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினால், ஃபினாயில் வாடை தெரியக் கூடாது என்று அம்மா காதோரம் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டு வருவாள். பட்டமளிப்பு அன்றைக்கு நாலு சொட்டு.

“எவ மிட்டாய்க் கடையைத் திறந்துவிட்டது?” என்று பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். மேடையில் பட்டம் வாங்கித் திரும்பிய இவள், அம்மா பக்கத்தில் உட்காராமல் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அன்றோடு அம்மா குப்பியை மூடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

பெரிய படிப்புதான். அதற்குக் கிடைத்தது நாள் முழுக்க நிற்கிற வேலை. இப்போது அம்மா மடியில் முகத்தைப் புதைத்தாலும் வெறும் சேலைதான். மோப்பம் திரும்பினால் முதலில் இந்த வாசனைதான் வர வேண்டும் என்று மூன்று மாதமாக அந்தக் குப்பியை எடுத்து இவள் தினமும் போடுகிறாள்.

“அடுத்தவங்க வாங்க.”

மேலாளர் அறை மேசையில் ஒரு பெட்டி நிறையச் சின்னக் குப்பிகள். பக்கத்தில் பாதி காலியான தண்ணீர்க் குவளை. மேடம் நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க போட்டிருக்கிறது நம்ம கடைச் சரக்கு இல்லையே.”

“இல்லைங்க மேடம். எங்கம்மா போடுறது.”

“இதுவும் எங்கிட்ட இருக்கு.” பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, தாளில் இரண்டு சொட்டு விட்டு நீட்டினாள். “மோந்து பாருங்க. உங்கம்மாவோடதுதானே?”

எதிர்பார்த்த கேள்வி. “ஆமாம்” என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பள்ளிக்கூட வாசல் வரவில்லை. காதோரம் வரவில்லை. மறுபடி இழுத்தாள், நெஞ்சு வலிக்கிற வரை.

விலை உயர்ந்த எந்தச் சென்ட்டைக் கொடுத்திருந்தாலும் பொய் சொல்லியிருப்பாள். அம்மா இல்லாத இடத்தில் அம்மா இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

“இல்லைங்க மேடம்.” கண்ணீர் பொட்டென்று தாளில் விழுந்தது. “ஒண்ணுமே வரல. எங்கம்மா இதுல இல்ல.”

மேடம் தாளை வாங்கி வைத்தாள். பேனாவை மூடினாள்.

“நாளையிலேர்ந்து நீங்க கவுண்டர்ல நிக்க வேணாம்.”

முடிந்தது. அம்மாவின் வாளி கண்ணுக்குள் வந்து நின்றது.

“காலையிலேர்ந்து பதினோரு பேர்,” என்றாள் மேடம். “ஒவ்வொருத்திகிட்டயும் அவ போட்டிருக்கிற சென்ட்டுன்னு சொல்லி, தண்ணியத்தான் விட்டுக் குடுத்தேன். பதினோரு பேரும் ஆமான்னு தலையாட்டினாங்க.”

“மேடம், நான் சொல்லிடுறேன், எனக்கு மூணு மாசமா...”

“தெரியும், மூணு மாசமா நீங்கதான் இங்க அதிகம் வித்திருக்கீங்க.” மேடம் எழுந்து அவள் தோளைத் தட்டினாள். “புதுச் சென்ட்டெல்லாம் இனிமே நீங்க மோந்து பாத்துச் சொன்னாத்தான் வெளிய போகும்.”