மிக்ஸி ஓடும் நேரம்

மாமியார் சமையலறைக்குள் நுழைந்தால் போதும், மருமகள் அந்தப் புது மிக்ஸியைப் போட்டுவிடுவாள். விமானம் கிளம்புவதுபோல் வீடே அதிரும். அம்மாவை வாய் திறக்க விடாமல் செய்யத்தான் இந்த ஏற்பாடு என்று மகனுக்குப் பட்டது. சண்டையும் பிடிக்க முடியாது. கேட்டால் ஜூஸ் போடுகிறேன் என்பாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மிக்ஸியைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினான்.

"எங்கடா தூக்கிட்டுப் போறே?" என்றாள் அம்மா.

"கடையில திருப்பிக் குடுக்கப் போறேன். உன்னைப் பேச விடாத மிக்ஸி நமக்கு எதுக்கும்மா?"

அம்மாவும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"போடச் சொல்றதே நான்தான்டா. உங்கப்பாவுக்குப் பாம்புக் காது. உங்க ரெண்டு பேரைப் பத்தி நாங்க மனசு விட்டுப் பேச வேற என்ன வழி?"

"பாதி நாள் உள்ளே வெறும் தண்ணிதாங்க," என்றாள் மனைவி.

அசடு வழிந்தபடி மிக்ஸியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தான். சோபாவில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"இந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இல்லையாப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளே மிக்ஸி கிளம்பியது. அப்பா சோபா மெத்தைக்கு அடியில் கையை விட்டார். டாக்டர் தொடவே கூடாது என்று சொன்ன சர்க்கரை பிஸ்கட் பாக்கெட் வெளியே வந்தது. ஒன்றை நொறுக்கிக்கொண்டே மகனின் காதருகே குனிந்தார்.

"உங்கம்மாவுக்கு என்னைவிடப் பாம்புக் காதுடா. இது ஓடும்போதுதான் கடிக்க முடியுது."