நண்டு வீட்டு வாசல்

சதுப்புநில இயற்கை மையத்தில் பிள்ளைகள் பலகைப் பாதையை விட்டு ஓரடி விலகினாலும், கண்காணிப்புக் கருவி பொருத்திய அவர்கள் ஷூ அலறும். அடுத்த நொடி பெற்றோரின் கைப்பேசியும் அலறும். அதற்குப் பயந்தே வழிகாட்டி ஜெசிந்தா ஆறு வருடமாக நண்டு வளைகளைத் தூரத்திலிருந்து விரல் நீட்டிக் காட்டிவந்தாள்.

இன்று நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மிஸ், சேறு சூடா இருக்குமா, ஜில்லுனு இருக்குமா?"

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"வீட்டுக்குள்ள ஷூவோடயா போவீங்க? இது நண்டோட வீடு. எல்லாரும் கழட்டுங்க!"

இருபத்திரண்டு ஜோடி ஷூக்கள் பலகையில் வரிசையாக நின்றன. பிள்ளைகள் பாதையில் அசையாமல் நிற்பதாக அலுவலகத் திரை பச்சை காட்டியது. அவர்களோ முழங்கால்வரை சேற்றில் நின்று கத்தினார்கள்: "மேல சூடு, அடியில ஜில்லு மிஸ்!"

சத்தம் கேட்டு மேலாளர் குணசீலன் மூச்சிரைக்க ஓடிவந்தார். சேற்றில் ஒரு கால் வைத்ததும் அவர் ஷூவும் அலறி ஊரைக் கூட்டியது.

"ஜெசிந்தா, உன் வேலை போயிடும், தெரியுதா?"

"போகட்டும் சார்," என்றாள் அவள், சேற்றில் நின்ற இடத்தைவிட்டு நகராமல். "நீங்க உள்ள வரணும்னா ஷூவைக் கழட்டிட்டு வாங்க."