வலது பக்கத்து இருக்கை

காலை ஆறு மணிக்கு எழுந்து பல் துலக்கினேன். பால் காய்ச்சினேன். சவரம் செய்துகொண்டிருந்தபோது மாமனார் லிங்கசாமி அவிநாசிபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"சாப்புட்டீங்களா மாப்ள?"

"இல்லீங்க மாமா."

வாசலில் நசுங்கிக் கிடந்த காரைப் பார்க்காமல் உட்கார்ந்தார். நான் ஜெர்மனியில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, அறுபத்தாறில் திருப்பூர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்த கார். ஸ்டியரிங் இடது பக்கம். மாற்றித் தருகிறேன் என்று கோயம்புத்தூர் மெக்கானிக் சொன்னதற்கு, பழகிவிட்டது என்று மறுத்தேன். முன்னால் போகும் வண்டியை முந்தும்போது எனக்கு எதிரே எதுவும் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் என் மனைவி ருக்மணிதான் எட்டிப் பார்த்துச் சொல்வாள்.

"போலீஸ்ல நீங்க சொன்னதக் கேட்டப்பவே எனக்குத் தலை குனிஞ்சு போச்சுங்க" என்றார் மாமனார். "சரியாப் பாக்காம 'போலாங்க'ன்னுட்டாளே! சின்னதுலயே அவசரக்குடுக்கைங்க அவ."

நான் மீதிச் சவரத்தை முடித்தேன்.

"அவ பண்ணுன தப்புக்கு அவ போய்ச் சேந்துட்டா, நீங்க எதுக்குங்க தனியாக் கெடக்கோணும்? எங்க சின்னவ வசந்தாவக் கட்டிக்குங்க. அவ நிதானமான புள்ளைங்க."

கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிங்க மாமா" என்றேன்.

அன்று தாராபுரம் ரோட்டில் எனக்குத்தான் அவசரம். பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து ருக்மணி தலையை நீட்டிப் பார்த்தாள். போலாம் என்று அவள் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இருங்க, எதுக்கால லாரி வருதுங்க."