அல்ஜீப்ராவுக்கு இரண்டு நிமிடம்

மணி என் கையில் இருந்தது.

பள்ளிக் கூட்டத்தில் பேச வந்த ஒவ்வொரு பெற்றோருக்கும் இரண்டு நிமிடம். முடிந்ததும் நான் மணியைத் தட்ட வேண்டும்.

நேரம் பார்ப்பவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதிக்காகவே இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்று காலையில் காரிலேயே என் மகன் நிக்கோ சத்தியம் வாங்கியிருந்தான்.

ஏழாம் வகுப்பிலேயே எல்லோருக்கும் அல்ஜீப்ரா, கூடவே இயற்பியல். எங்கள் பள்ளியின் பெருமையே அதுதான். அல்ஜீப்ராவில் தேறாவிட்டால் மறுபடியும் ஏழாம் வகுப்பு. ஆனால் யாரும் மறுபடி உட்காருவதில்லை. வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள்.

இதுவரை நடந்த இரண்டு அல்ஜீப்ரா தேர்விலும் நிக்கோ தேறவில்லை.

விரும்புகிறவர்கள் அல்ஜீப்ராவை இரண்டு வருடமாகப் பிரித்துப் படிக்கலாமா என்பதுதான் இன்றைய வாக்கெடுப்பு.

பள்ளி முன்பு சூப்பர் மார்க்கெட்டாக இருந்த கட்டிடம். வாக்களிக்க வேண்டிய நிர்வாகக் குழுவின் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே, 'இறைச்சி' என்ற எழுத்துகளைப் பெயர்த்தெடுத்த தடம் இன்னும் சுவரில் தெரிந்தது. அதைப் பார்த்தபடியேதான் எல்லோரும் பேச வேண்டும். அரிசோனா வெயில் மாலையிலும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓரத்து மேஜையில் டோனட்டும் எலுமிச்சைச் சாறும்.

வெண்டல் ஹார்கிஸ் ஒலிவாங்கியின் முன்னால் வந்து நின்றார். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவர் மகள் ஜூனி நிக்கோவின் வகுப்பு.

"பிரிக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைத் தொடவே பயப்படுற பிள்ளைங்க இருக்காங்க..."

"உங்க பொண்ணுக்குக் கஷ்டமா இருந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கே, மிஸ்டர் ஹார்கிஸ்!"

வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற டிரூடி வான்ஸ்தான். இரட்டைப் பையன்களின் தாய். பேசும் முறை வருவதற்குள் பேசிவிடுகிறவர்.

"இந்தப் பாடத்துக்காகத்தான் தினம் நாற்பது மைல் ஓட்டிட்டு வர்றேன். என் பசங்க முதல் தடவையா ஒரு புத்தகத்தை விரும்பித் திறக்குறாங்க. அதையும் தண்ணி ஊத்திக் கலக்கணுமா?"

அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கே தலையாட்ட வேண்டும் போலிருந்தது.

ஹார்கிஸின் கழுத்து சிவந்தது. "நான் என் பொண்ணைப் பத்திப் பேச வரலீங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. யாரும் நம்பவில்லை. நானும்தான். பாவம், மகளின் மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைகளின் மதிப்பெண்ணை இங்கே யாரும் வெளியில் சொல்வதில்லை. பெற்றவரின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவருடைய இரண்டு நிமிடமும் தீர்ந்துவிட்டது. சொல்ல வந்ததில் பாதிகூட அவர் சொல்லவில்லை.

அவர் ஒருவரைத்தான் நம்பியிருந்தேன். மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே மணியைத் தட்டினேன்.

அவர் தலைகுனிந்து திரும்பினார்.

"நில்லுங்க" என்றார் டிரூடி வான்ஸ். "என்னோட ரெண்டு நிமிஷத்தை இவருக்கே குடுத்துடுறேன். அப்படிக் குடுக்கலாம்தானே? நான் கத்தினதுலயே இவர் நேரம் போச்சு. பாதிப் பேச்சுல நிறுத்திட்டு ஜெயிச்சா எனக்கு நல்லாவா இருக்கும்?"

அவருடைய கணவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹார்கிஸ் மறுபடி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"வேகத்தைக் குறைக்கச் சொல்லலீங்க. மிஸஸ் வான்ஸோட பசங்க ஓடட்டும். ஓட முடியாத பிள்ளை நடந்து வர ஒரு வழி விடுங்க, போதும். ரெண்டு பேரும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான். லேட்டா வர்றவனுக்கு டோனட் கிடைக்காது, அவ்வளவுதான்."

இந்த முறை கூட்டம் அவரோடு சேர்ந்து சிரித்தது. டிரூடி வான்ஸ் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

குழுவில் மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு உயரவில்லை.

நிக்கோ எங்கேயும் போக வேண்டாம்.

என் கை தானாக மணியைத் தட்டிவிட்டது. யாருக்கும் நேரம் முடிந்திருக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நேராக ஹார்கிஸிடம் போனேன். இனி சத்தியம் எதற்கு? அவரும் என்னைப் போல்தானே.

"நம்ம பிள்ளைங்க தப்பிச்சாங்க" என்றேன் மெதுவாக.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குள் நூலக அறையில் காத்திருந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஜூனி. நிக்கோ இன்னும் உள்ளே தன் பையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சோமாப்பா?"

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் அவள் நின்ற இடத்திலேயே குதித்தாள். நான் அவள் தலையைத் தடவினேன்.

"இனிமே அல்ஜீப்ராவை நினைச்சு நீயும் பயப்பட வேண்டாம், கண்ணு."

ஜூனி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நானா? அதை நான் போன வருஷம் ஆறாவதுலயே தனியாப் படிச்சு முடிச்சிட்டேனே, மிஸஸ் பினேடா. நிக்கோ போயிட்டா மதியம் நான் யாரோட சாப்பிடுறதுன்னுதான் அப்பாகிட்ட அழுதேன்."

நான் ஹார்கிஸைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் சட்டென்று குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த தன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார்.